தேய்ந்த பார்க்கிங் தரை: தூசி, டொக்குச் சத்தம், விரிசல், ஓதம் – எதற்கு என்ன வைத்தியம்

எங்கள் வீடு பெங்களூரு லிங்கராஜபுரத்தில், 30க்கு 40 சைட்டில் இருக்கிறது. கேட்டைத் திறந்ததும் 10 அடிக்கு 18 அடியில் கார் நிறுத்தும் தளம். அது தேய்ந்து ஜல்லி எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டு மூட்டை சிமென்ட்டும் கொஞ்சம் எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்கி வந்து, தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கால் அங்குலத்துக்கு ஒரு பூச்சு போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாவது மாதம், முன்சக்கரம் நிற்கும் இடத்தில் அப்பளம் மாதிரி ஒரு துண்டு கையோடு வந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க மாவு.

திருப்பத்தூர்க்கார மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் குனிந்து, ஸ்கூட்டர் சாவியால் பழைய தளத்தைக் கீறினார். கோடு விழுந்து பவுடர் எழும்பியது. “சார், நீங்க கான்கிரீட் மேல பூசல. மாவு மேல பூசியிருக்கீங்க. எப்படி நிக்கும்?” என்றார். அப்புறம் செய்த வேலைதான் இன்றுவரை நிற்கிறது. இரண்டாவது தடவை பூச்சு வேலைக்குச் செலவான நேரம் கொஞ்சம்தான். தரைக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே ஒரு வார இறுதி முழுதாகப் போனது.

இணையத்தில் இதைப் பற்றிக் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கா, கனடாவில் எடுத்தவை. அங்கே தளம் உரிவதற்கு முக்கியக் காரணம் பனி. கான்கிரீட்டுக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து பருத்து மேல்தோலைப் பிளக்கும். பனியைக் கரைக்கத் தெருவில் போடும் உப்பு அதைத் துரிதப்படுத்தும். நம் ஊரில் அந்தக் கதை கிடையாது. இங்கே தரை கெடுவது கலவையில் ஊற்றின கூடுதல் தண்ணீராலும், மூன்றே நாளில் நிறுத்திவிட்ட கியூரிங்காலும் (புதுத் தளத்தைக் காயவிடாமல் ஈரமாக வைத்து இறுகவிடுவது), பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பதாலும்தான். நோய் வேறு என்பதால் அவர்கள் மருந்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் நான்கு சோதனை

ஒரு ஆணி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு குவளைத் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் தாள். இவ்வளவு போதும்.

ஆணியால் கீறிப் பாருங்கள். லேசான வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் தரை கெட்டி. பள்ளமாகக் கீறி மாவு வந்தால் மேல்தோல் போய்விட்டது.

சுத்தியலால் ஓர் அடிக்கு ஓரிடமாக லேசாகத் தட்டுங்கள். ‘கண் கண்’ என்று கேட்டால் நல்ல இடம். ‘டொக் டொக்’ என்று பானையைத் தட்டுவது போலக் கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உடனே குடித்தால் தரை தாகமாக இருக்கிறது என்று அர்த்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் அங்கே எண்ணெயோ, தண்ணீர் இறங்காமல் இருக்க முன்பு அடித்த சீலரோ, மெழுகோ இருக்கிறது. அது போகும்வரை எதுவும் ஒட்டாது.

கடைசியாக, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுங்கள். சாயங்காலம் ஒட்டினால் மறுநாள் காலையில் எடுக்கலாம். தாளின் அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. பெயின்ட், எபாக்சி (இரண்டு திரவம் கலந்து அடிக்கும் பிசின் பூச்சு) அடிக்க நினைப்பவர்கள் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகவே கூடாது.

பெருக்கப் பெருக்கத் தூசி வருகிறது

காலையில் பெருக்கினால் மத்தியானம் மறுபடி வெள்ளைப் பொடி. செருப்பு அடியில் மாவு. பெங்களூரு வீடுகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான்.

தளம் போட்ட நாளில் நடந்ததன் பலன் இது. 50 கிலோ மூட்டைக்கு 22லிருந்து 25 லிட்டர் தண்ணீர் என்பது நல்ல கணக்கு. சைட்டில் யாரும் அளப்பதில்லை. கலவை தளதளவென்று ஓடினால் இழுத்துவிடச் சுலபம் என்று இன்னும் அரை பக்கெட் போகும். ஈர எம்-சாண்டில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் கணக்கிலேயே வராது. கூடுதல் தண்ணீர் மெல்ல மேலே ஏறி நிற்கும், கூடவே சிமென்ட் பாலையும் நுண்தூளையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் தானாக வற்றும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவசரப்பட்டுக் கரண்டி போட்டுத் தேய்த்தாலும், தண்ணீரை உறிஞ்ச வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்த்தாலும், பலமே இல்லாத ஒரு தோல் மேலே உட்கார்ந்துவிடும். முதல் மாதம் அது கண்ணாடி மாதிரி மின்னும். வீட்டுக்காரரும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிடுவார்.

மிச்சத்தைக் கெடுப்பது கியூரிங். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 படி சாதாரண ஓபிசி சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி மாதிரிக் கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். இன்று வீட்டு வேலைக்குக் கடையில் கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் பிபிசிதான். நடப்பதோ, காலையும் மாலையும் ஹோஸ் பிடித்து மூன்று நாள் தெளிப்பு. பிப்ரவரி, மார்ச்சில் இந்த ஊர்க் காற்று எவ்வளவு வறட்சி என்பது உதடு வெடித்தவர்களுக்குத் தெரியும். தளத்துக்கும் அதே கதிதான்.

வைத்தியம் கீறலின் ஆழத்தைப் பொறுத்தது. லேசாகத்தான் பொடி வருகிறது என்றால், சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, சிலிக்கேட் ஹார்டனர் என்ற தரையை இறுக்கும் திரவத்தை அடித்தால் போதும். சோடியம் சிலிக்கேட், லித்தியம் சிலிக்கேட் என்று இரண்டு வகையிலும் கிடைக்கும். அது தரைக்குள் இறங்கி, கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்புடன் சேர்ந்து, சிமென்ட் இறுகும்போது உண்டாகும் அதே பிசினை உண்டாக்குகிறது. மேலே தேங்கி நிற்பதைக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். விட்டால் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்து, தூசியைவிடப் பெரிய தலைவலியாகும்.

ஆணி பள்ளமாகக் கீறினால் ஹார்டனர் காப்பாற்றாது. பலவீனமான தோலை எடுத்தே ஆக வேண்டும். ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் மாட்டி, கெட்டியான கான்கிரீட் தெரியும்வரை தேய்க்க வேண்டும். இந்த மெஷின்கள் வாடகைக்குக் கிடைக்கும். என்-95 முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கைக்குட்டை கட்டிக்கொள்வதெல்லாம் கணக்கில் சேராது. கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிகா நுரையீரலில் தங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. தூசி பறக்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தரை மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சாதாரணக் கை கிரைண்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஷாக் அடிக்கும்.

தட்டினால் டொக்கு டொக்கு

என் பழைய பூச்சுக்கு வந்த வியாதி. மேல் பூச்சுக்கும் கீழ்த் தளத்துக்கும் உறவு அறுந்துவிட்டது. காரணம் தூசியாக இருக்கலாம், எண்ணெயாக இருக்கலாம். எலும்பாகக் காய்ந்திருந்த தளம் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டதாலும் நேரும். அதற்கு நேர்மாறாக, தண்ணீர் தேங்கிய தளத்தில் கலவையைக் கொட்டியதாலும் நேரும்.

இதற்கு மேலே இன்னொரு பூச்சு போடுவது, உதிரும் சுண்ணாம்புச் சுவரில் மறுபடி மறுபடி வெள்ளையடிப்பது மாதிரி. சாக்பீஸ் வட்டங்கள் மொத்தத் தரையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், முழுப் பூச்சையும் எடுத்துவிடுவதே லாபம் என்பது என் கணக்கு. நாலைந்து இடம்தான் என்றால் ஒட்டுப்போடலாம்.

ஒட்டுப்போடும்போது வட்டத்தின் ஓரமாகக் கொத்தாமல், அதைச் சுற்றிச் சதுரமாகக் கட்டர் மெஷினால் நேர்வெட்டு போடுங்கள். ஓரம் சரிவாக மெலிந்து முடிந்தால், புதுக் கலவை அந்த மெலிந்த விளிம்பில்தான் முதலில் உதிரும். சதுரத்துக்குள் உளியால் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பொடியை ஊதி அல்லது வாக்குவம் போட்டு எடுக்க வேண்டும். துடைப்பம் மட்டும் போதாது. கறுப்புத் துணியால் துடைத்தால் துணியில் வெள்ளை ஒட்டக் கூடாது.

முந்தின இரவே தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். காலையில் தேங்கியதை ஸ்பாஞ்சால் எடுத்துவிடுங்கள். தரை கறுத்து ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. “ஈரப் புடவை மாதிரி இருக்கணும், சொட்டக் கூடாது” என்பார் எங்கள் மேஸ்திரி. இதன்மேல் எஸ்பிஆர் லேட்டக்ஸும் (பால் மாதிரி இருக்கும் செயற்கை ரப்பர் திரவம்) சிமென்ட்டும் கலந்த கூழை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே கலவையைப் போட்டுவிட வேண்டும். இங்கேதான் பலர் டீ குடிக்கப் போகிறார்கள். லேட்டக்ஸ் கூழ் காய்ந்துவிட்டால் ஒட்டவைக்கும் பொருளே பிரித்துவைக்கும் பொருளாகிவிடும். அப்படிக் காய்ந்துவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெறும் சிமென்ட், மணல் கலவை என்றால் முக்கால் அங்குலத்துக்கு, அதாவது 20 மில்லிமீட்டருக்கு, குறையாமல் போடுங்கள். நான் போட்ட கால் அங்குலம் நிற்காது. மெல்லியதாகத்தான் போட முடியும் என்றால் அதற்குப் பாலிமர் கலந்த ரீசர்ஃபேசர் வேண்டும்.

மேல்தோல் பொருக்குத் தட்டி, ஜல்லி தெரிகிறது

தளம் கெட்டி, சத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் முகம் அம்மை போட்டதுபோல இருக்கிறது. ரீசர்ஃபேசர் என்ற பொருளே இந்த நிலைமைக்காகத்தான் இருக்கிறது. சிமென்ட், நுண்மணல், பாலிமர் மூன்றும் கலந்த பொடி. சிலவற்றில் பாலிமர் தனியாக டப்பாவில் திரவமாக வரும். சில மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்துவிடலாம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் கனம் போட 1 லிட்டர் கலவை. எங்கள் 180 சதுர அடி சுமார் 16.7 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டருக்கு 50 லிட்டர். 25 கிலோ மூட்டை கலந்தால் சுமார் 12, 13 லிட்டர் வரும், ஆக நாலு மூட்டை. குழிகள் எப்போதும் நம் கண் சொல்வதைவிட அதிகம் தின்னும் என்பதால் ஐந்து வாங்கினேன். ஐந்தாவது மூட்டையில் பாதிக்கு மேல் தீர்ந்தது.

குழிகளை முதல் நாளே நிரப்பிவிடுங்கள். குழியையும் பரப்பையும் ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால், ஆழமான இடம் காயும்போது அமுங்கி, பழைய குழிகளின் நிழல் மேலே தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். வெயில் ஏறின தரையில் கலவை இழுக்கும்போதே கெட்டியாகிவிடும். மூட்டையில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை ஒரு பழைய பெயின்ட் பக்கெட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டோம். முதலில் தண்ணீர், அப்புறம் பொடி. டிரில் மெஷினில் மத்து மாதிரிக் கலக்கியை மாட்டி மூன்று நிமிடம். தோசை மாவுக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஒரு பதம் வரும். கையில் 15, 20 நிமிடம்தான் இருக்கும். ஒருவர் கலக்க, ஒருவர் ஊற்ற, ஒருவர் ரப்பர் வைப்பரால் இழுக்க, ஆக மூன்று பேர் வேண்டும். இருவரால் முடியாதா என்றால் முடியும், நடுவில் ஒரு கோடு தெரியும். கெட்டியாகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள். அதைத் தூக்கிப் போடுங்கள், அல்லது பூந்தொட்டிக்கு அடியில் ஒரு மேடை செய்துகொள்ளுங்கள்.

மாதம் பார்த்துச் செய்வதும் முக்கியம். டிசம்பரும் ஜனவரியும் எனக்குப் பிடித்தவை: மழை குறைவு, வெயிலும் மிதம். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் வரை சுட்டெரித்துவிட்டு நாலு மணிக்கு மாங்காய் மழை கொட்டும். செப்டம்பர், அக்டோபரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எண்ணெய்க் கறை

பழைய கார், பழைய பைக் உள்ள எல்லா வீட்டிலும் உண்டு. மேலே தெரிவது கொஞ்சம், கீழே இறங்கியிருப்பது அதிகம். புதுக் கறைமேல் மரத்தூளோ கோலமாவுக் கல் பொடியோ போட்டு உறிஞ்சவிட்டுப் பெருக்குங்கள். பழைய கறைக்கு எண்ணெய் நீக்கும் திரவத்தையும் அதே கல் பொடியையும் பிசைந்து, களிம்பாக அப்பி, பிளாஸ்டிக் மூடி ஒரு இரவு விட்டு, மறுநாள் திறந்து காயவிட்டுச் சுரண்டுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். பின் தண்ணீர்ச் சொட்டுச் சோதனை. இன்னும் உருண்டு நின்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டுப்போடுவதுதான் வழி. ஆசிட் எண்ணெயை எடுக்காது. இதைப் பலரும் நம்புவதில்லை.

ஆயுத பூஜைக்குக் குங்குமம் அடைத்துப் பூசணிக்காய் உடைத்த கறையும், சக்கரத்தடியில் வைத்து நசுங்கிய எலுமிச்சை அரித்த வெள்ளைத் தழும்பும் கூட எங்கள் தரையில் இருந்தன. முன்னது வெயிலில் தானே வெளுத்தது. பின்னது பூச்சில் மறைந்தது. இப்போது பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியே ஓரமாக உடைத்து உடனே அள்ளிவிடுகிறோம்.

விரிசல்

விரிசலில் உயிருள்ளது, செத்தது என்று இரண்டு. விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒரு பொட்டு வைத்து இரண்டு மூன்று மாதம் விடுங்கள். பொட்டு வெடிக்கவில்லை, நுனி நகரவில்லை என்றால் செத்த விரிசல். அதைக் கட்டரால் கொஞ்சம் அகலப்படுத்தி, சுத்தம் செய்து, நிரப்பி, மேலே பூசலாம்.

பொட்டு வெடித்தால், மேலே எவ்வளவு விலையுள்ள பூச்சு போட்டாலும் அதே கோட்டில் மறுபடி விரிசல் எழும்பும். அதை விரிசலாக விட்டுவிடாமல் ஜாயின்ட்டாக (தளம் அசைய இடம் விடும் நேர்வெட்டு) மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்: நேராக வெட்டி, ரப்பர் மாதிரி வளையும் பாலியூரித்தேன் சீலன்ட் அடைத்து, புதுப் பூச்சிலும் அதே இடத்தில் வெட்டு விட்டுவிடுங்கள். பழைய தளத்தில் ஏற்கெனவே ஜாயின்ட் இருந்தால் அதையும் மூடிவிடக் கூடாது. நாலு அங்குலத் தளத்துக்கு 8லிருந்து 10 அடிக்கு ஒரு வெட்டு, தளத்தின் கனத்தில் கால் பங்கு ஆழம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த வெட்டே போடுவதில்லை. கான்கிரீட் தானே தனக்குப் பிடித்த இடத்தில் போட்டுக்கொள்கிறது.

சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் பரப்பு முழுக்க இருந்தால் பயம் வேண்டாம். மேல்தோல் சீக்கிரம் காய்ந்ததன் அடையாளம், பலத்துக்குக் கேடில்லை.

ஒரு பக்கம் இறங்கிவிட்டது, அல்லது தூக்கிக்கொண்டது

இதைப் பூசி மட்டமாக்க ஆசை வரும். வேண்டாம். இறங்கின இடம் பெரும்பாலும் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தோண்டின மண்ணை இடிக்காமல் சும்மா தள்ளி மூடின இடம். இல்லையென்றால் பெருச்சாளி. எங்கள் எதிர் வீட்டில் தளத்தை உடைத்தபோது கை முழுசாக நுழையும் வளை, தெருச் சாக்கடையிலிருந்து படிக்கட்டு வரை போயிருந்தது. அடியில் காற்று இருந்தால் மேலே எது போட்டாலும் பாரம் கூடுமே தவிரப் பலம் கூடாது. உடைத்து, மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து, புதிதாகப் போட வேண்டும்.

கேட்டுக்கு வெளியே ரேம்ப்பைத் தூக்கியது புங்க மரத்து வேர் என்றால், வேரை வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் மரம் சாயும். அந்தப் பகுதியை மட்டும் கான்கிரீட் இல்லாமல் பேவர் கல்லாக மாற்றிவிட்டால், தூக்கும்போதெல்லாம் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம்.

உப்புப் பூக்கிறது, பெயின்ட் உரிகிறது

வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் பூப்பது உப்பு. தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளிருந்து சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்து மேலே கொண்டுவந்து, தான் ஆவியாகிவிட்டு அவற்றை விட்டுப் போகிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து உள்ளேயே போய் மறுபடி வரும். கெட்டியாகப் படிந்ததற்கு மட்டும் நீர்த்த ஆசிட்: பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட்டை மெல்ல விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது. முதலில் தரையை நனைத்துவிட்டு, பிரஷ் போட்டு, உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, சோடா உப்புக் கரைசல் தெளித்து முறித்துவிடுங்கள். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போட்ட அதே நாளில் ஆசிட்டை எடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடின பார்க்கிங்கில் அது ஆளையே சாய்த்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் தண்ணீர் வரும் வழியை அடைக்கவில்லை என்றால் உப்பு திரும்பும். சம்ப் கசிகிறதா, மழைநீர்க் குழாய் தளத்தின் அடியில் உடைந்திருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்து மண் தளத்தைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எபாக்சி கொப்புளம் போட்டு உரிவதற்கும் இதே ஈரம்தான் முதல் காரணம். இரண்டாவது காரணம், தரையைத் தேய்க்காமல் வழவழப்பின்மேல் அடித்தது. ஓடி வந்த காரின் சூடான டயர் ஒட்டிக்கொண்டு பெயின்டைத் துண்டாகப் பிடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படும் இடத்தில் எபாக்சி மஞ்சளிக்கும். திறந்த போர்ட்டிகோவுக்கு எபாக்சி வேண்டும் என்று யாராவது சொன்னால், மேலே பாலியூரித்தேன் கோட் உண்டா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் திறந்தவெளிக்கு எபாக்சியே தேவையில்லை.

அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் பழைய வீடுகளில் இருக்கும் ரெட் ஆக்சைடு தரைக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் மெழுகும் தேங்காய் எண்ணெயும் குடித்த தரை அது. அதன்மேல் எதுவும் ஒட்டாது. தெரிந்த ஆளை வைத்துத் தேய்த்து மெழுகு போட்டாலே பாதி அழகு திரும்பும்.

தண்ணீர் தேங்குகிறது

வாட்டம் போதவில்லை. 100க்கு 1, அதாவது பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். மழை நின்றதும் குட்டையின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்து, நடுவில் ஸ்கேல் வைத்து ஆழம் பாருங்கள். சில மில்லிமீட்டர் என்றால் ரீசர்ஃபேசரால் தூக்கலாம். அரை அங்குலத்துக்கு மேல் போனால் கனமான கலவைதான். ஆனால் தரையை உயர்த்தும்போது வாசல்படி, கேட்டின் அடி, சம்ப் மூடி மூன்றையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். ஒரு நண்பர் வீட்டில் அழகாக வாட்டம் வைத்தார்கள், கேட் திறக்கவில்லை.

துருக் கோடு, கம்பி தெரிகிறது

மாடித் தளத்திலோ சாக்கடை மேல் போட்ட ரேம்ப் பலகையிலோ பழுப்புக் கோடு தெரிந்து, துண்டு துண்டாக விழுந்தால் அங்கே பூச்சு வேலையை நிறுத்துங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து, பல மடங்கு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. பூசி மறைத்தால் துரு உள்ளே தொடரும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். கட்டமைப்பு தெரிந்த இன்ஜினியரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

புதுப் பூச்சில் வரும் சில்லறைக் குறைகள்

ஒட்டின இடம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். ஒரே சிமென்ட் வாங்கினாலும் தெரியும். நிறம் ஒத்துப்போக வேண்டும் என்றால் ஒட்டுக்கு மேல் முழுத் தரைக்கும் மெல்லிய பூச்சு இழுப்பது ஒன்றுதான் வழி.

மழையில் வழுக்குகிறது என்றால் மேஸ்திரி இரும்புக் கரண்டியால் வழவழவென்று முடித்திருக்கிறார். ஈரமாக இருக்கும்போதே மென்மையான நைலான் துடைப்பத்தை ஒரே திசையில் இழுத்திருந்தால் போதும். தென்னை ஈர்க்கு விளக்குமாறு பள்ளம் பள்ளமாக உழுதுவிடும். எங்கள் வீட்டில் முழுவதும் துடைப்பம் இழுத்து முடித்த பிறகுதான் அம்மா வந்து பார்த்து, “நான் எங்கடா கோலம் போடுறது?” என்றார். சொரசொரத் தரையில் கோலமாவு இரட்டிப்பாகச் செலவாகும், கம்பியும் நேராக வராது. நல்லவேளை, கடைசிப் பக்கெட் மிச்சம் இருந்தது. வாசலுக்கு நேரே நாலடிக்கு நாலடி மட்டும் மணியாசக்கட்டையால் (பூச்சைச் சமமாக்கும் மரக்கட்டை) மறுபடி தேய்த்துச் சமமாக்கித் தந்தோம்.

பாலிமர் ரீசர்ஃபேசருக்கு முதல் நாள் மட்டும் ஈரச்சாக்கோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி, அப்புறம் காயவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலான மூட்டைகளில் போட்டிருக்கும். பாலிமர் படலம் காய்ந்தால்தான் இறுகும். வெறும் சிமென்ட் கலவைக்கு அது பொருந்தாது, அதற்குப் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். ரீசர்ஃபேசர் தரையில் மறுநாள் செருப்புக் காலோடு நடக்கலாம். காரை ஒரு வாரத்துக்கு ஏற்ற வேண்டாம், பத்து நாள் என்றால் இன்னும் நல்லது. ஏற்றின பிறகும் முதல் மாதம் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள். கொஞ்சம் நகர்த்திக்கொண்டே திருப்புங்கள். புதுத் தோலை டயர் திருகிக் கிழிப்பது அப்போதுதான்.